வேலிப் பக்கம் திரும்பிய பாய்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, லோப்சிலே மண்டியிட்டு வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. லுபொம்போ மலைக்காற்றில் காது மட்டும் அடைக்கிறது.

எங்கள் பள்ளியில் லொமகுகு டீச்சரின் நாடகம் போட்டோம். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து எழுதியது. ஊர்த்தலைவரும் வந்திருந்தார். டீச்சரின் கணவர் போன வருஷம் இறந்ததால், உங்களைப் போல அவரும் கறுப்புதான் உடுத்துகிறார். துக்கக் கறுப்பு உடுத்தியவர் தலைவர் இருக்கும் இடத்துக்குள் வரக்கூடாதே! வேலிக்கு வெளியே நின்று, தான் எழுதியதைக் காதால் மட்டும் கேட்டார்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பீர் காய்ச்சும் தெம்பி அக்கா எழுந்தாள். "கைதட்டலெல்லாம் மேடைக்கா? எழுதினவ அங்கேல்ல நிக்கிறா!" என்று தன் பாயை வேலிப் பக்கம் திருப்பிப் போட்டாள். அத்தனை பெண்களும் திருப்பிவிட்டார்கள். தலைவருக்கே முதுகு!

தலைவர் இருமினார். "என் நாற்காலிய மட்டும் ஏன் திருப்பாம விட்டுட்டீங்க?" என்றார்.

வறுத்த வேர்க்கடலை அனுப்புங்கள். உங்கள் போர்வையும். புதியது வேண்டாம், நீங்கள் போர்த்தியதுதான் வேண்டும்.

கடிதம் கொண்டுபோகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. அடுத்த விழாவுக்குக் கறுப்போடு எப்படி வருவேன் என்று எழுதியிருந்தீர்களே, வாருங்கள். நாங்கள் உங்கள் பக்கம் திரும்பி உட்காருவோம்.

உங்கள் லோப்சிலே