பதினோரு பேர், ஒரே மனு

ஆகஸ்ட் 18, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். சித்தூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. கிரானைட் பட்டறைத் தூசியில் நுரையீரல் கெட்ட பதினோரு பேருக்கும் சேர்த்து நஷ்டஈடு வழக்கு. கோர்ட் கட்டணம் கட்ட எங்களால் ஆகாது. விலக்குக் கேட்டு மனு. எழுதியது நான். என் எம்.ஏ.வுக்குக் கிடைத்த வேலை. வக்கீல் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. தெலுங்கில் ஒரே கேள்வி: "எவரிக்கீ ஆஸ்தி லேது கதா?" யாருக்கும் சொத்து இல்லை என்றேன். ஒருவனுக்கு இருந்தாலும் மனு மொத்தமும் தள்ளுபடியாம்.

ஆகஸ்ட் 20, புதன்
தாசில்தார் ஆபீஸிலிருந்து கிராம வருவாய் அதிகாரி, வி.ஆர்.ஓ. வந்தார், வீடு வீடாகச் சொத்து விசாரிக்க. முதலில் என் வீடு. ஒன்றுமில்லை என்றேன். அண்ணன் ஏமாற்றி எழுதிக்கொண்ட நிலத்தால் எனக்கு வந்த ஒரே லாபம். பக்கத்து வாசலில் அண்ணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும்.

அடுத்து, பதினோரு பேரில் ஒருவனான முருகேசன் வீடு. அவன் மகளைப் பெண் பார்க்கப் புத்தூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே முருகேசனிடம் விசாரணை.

"ரெண்டு ஏக்கரா கீது சார். மோட்டாரு கீது."

வைத்தியத்துக்கு அந்த நிலத்தை விற்று மூன்று வருஷம். பட்டா மட்டும் இன்னும் அவன் பேரில். வி.ஆர்.ஓ. எழுதிக்கொண்டார். நான் இருமிக் காட்டினேன். பயனில்லை, எல்லோரும்தான் இருமுகிறோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்
மாத்திரை தீர்ந்துவிட்டது. முருகேசனைப் போய்த் திட்டினேன்.

"நீ படிச்சவன், நீயே சொல்லுண்ணா. பொண்ணு கேட்டு வந்தவங்க எதிர்ல இன்னா சொல்றது? ஒண்ணுமில்லாதவன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துக்கினு கீறேன்னா?"

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாமே?"

"மூடிக்கினு இருந்தா பொண்ண கட்டுவாங்களா?"

திருத்தி எழுதிக் கொடு என்றேன். கண்ணாலம் முடியட்டும் என்றான். கோர்ட் விசாரணை திங்கட்கிழமை.

ஆகஸ்ட் 23, சனி
தூறல். வக்கீலுக்கு நாலு தடவை போன். ஒரே வழி: முருகேசன் பேரை அடித்துவிட்டால் மற்றப் பத்துப் பேர் மனு பிழைக்கும். அவனுக்கு விலக்கும் இல்லை, வழக்கும் இல்லை. மற்றவர்களிடம் சொன்னேன். யாரும் யோசிக்கக்கூட இல்லை.

"எடுத்துடுண்ணா. அவன் வாய்க்கு நாங்க சாவணுமா?"

பதினோரு எக்ஸ்ரேயில் மோசமானது அவனுடையது. அதை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்
கோர்ட் வராந்தா. முருகேசன் வெள்ளைச் சட்டையில். படியேற மூன்று இடத்தில் நின்றான். அவன் பேரை அடித்த இடத்தில், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.

"புத்தூர்ல சம்மதம் சொல்ட்டாங்கண்ணா. நீதான் முன்னால நின்னு நடத்தணும்."

வக்கீல் மனுவை என் பக்கம் தள்ளினார். அடித்த பேருக்குப் பக்கத்தில் எழுதியவன் கையெழுத்தும் வேண்டுமாம். போட்டேன்.