பெரட்டுக்கு வாங்க

19.1.98 திங்கள்
விடியற்காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி முறிந்தது. பஸ்ஸில் பதுளை வரை நின்றபடி.

காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடும் முறை இந்தக் கிழமை எனக்கு. மைக்கைப் பிடித்ததும் வாயில் வந்தது: "எல்லாரும் பெரட்டுக்கு வாங்க." தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்பதற்கான சொல். பிறந்ததிலிருந்து கேட்டது, என்ன செய்ய. மைதானமே சிரித்தது. என் ஆறாம் ஆண்டு வகுப்பு மகேஸ்வரி மட்டும் ஓடி வந்து முதல் ஆளாக நின்றாள். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் பள்ளி உப அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷிதான். தனியாகக் கூப்பிட்டார்.

"இது பள்ளிக்கூடம் பிள்ளை, தோட்டமில்லை. நாளையிலயிருந்து வேற ஆக்கள் மைக்கில கதைக்கட்டும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

வாங்க: குடை, வெண்கட்டி, அம்மாவுக்குத் தைலம்.

20.1 செவ்.
மழை. மகேஸ்வரி வரவில்லை. அவளுக்குப் புதுப் பெயராம், 'பெரட்டு'. எல்லாம் என் வாயால் வந்த வினை.

வகுப்பு வரவு இடாப்பில் அவள் விலாசம்: கடைவீதி, ஹாலிஎல. பொய். அவள் அப்பா எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் தேயிலை கவ்வாத்து வெட்டுகிறார். நேற்றுச் சிரித்ததில், இவளைப் போல விலாசத்தை மறைத்து, லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் எத்தனை பேரோ.

தைலம் மறந்துவிட்டேன்.

21.1 புதன்
இன்றும் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அம்மா. ஏன் வரவில்லை என்று தோட்டத்துப் பள்ளியிலிருந்து யாரும் தேடி வரவில்லையாம்.

"அந்தச் சொல்லுல என்னடி குத்தம்? முப்பது வருசமா நான் பெரட்டுக்குப் பிந்துனதே இல்ல." கொழுந்துக் கூடையைத் துடைத்து மாட்டிவிட்டுக் கேட்டாள்: "ஆமா, ஸ்கூல்ல நீ என்ன வெலாசம் குடுத்திருக்க?"

அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். பதுளை மாமா வீட்டு விலாசம். இரண்டு வருடமாக. வெட்கம். பிறகு கோபம், யார் மேல் என்றே தெரியாமல்.

22.1 வியா.
பள்ளி விட்டு நேரே மகேஸ்வரி வீடு. அட்டைக்கடி இரண்டு. லயத்து விலாசம் கொடுத்தால் டவுன் ஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து பொய் சொன்னதாக அவள் அம்மா அழுதார். நானும் அதே பயத்தில்தான் கொடுத்தேன் என்றேன். மகேஸ்வரி கதவருகில் நின்று என்னையே பார்த்தாள். யாரும் தேடி வரவில்லை என்று இவள் சொல்லக் கூடாது.

23.1 வெள்ளி
ஒருவழியாக வெயில். மகேஸ்வரி வந்தாள்!

என் வீடு நாலாம் நம்பர் லயம் என்று வகுப்பில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. விலாசம் மாற்ற விரும்புகிறவர்கள் மேசைக்கு வரலாம் என்றேன். பிறகு மகேஸ்வரி, மேசைக்கு வராமல், நின்ற இடத்திலேயே:

"ஒம்பதாம் நம்பர் லயம், மிஸ்."

அவளுக்குப் பின்னால் ஏழு பேர். சிவப்பு மையில் அடித்து எழுதினேன். வேறு பேனா இல்லை.

இடாப்பில் கைவைத்ததற்கு உப அதிபர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். திங்கள் காலைக்குள். தாராளமாக. மைக்கையும் அதிலேயே திருப்பிக் கேட்கப்போகிறேன். அந்தச் சொல்லை மறுபடி சொல்வேன், வாய் தவறி அல்ல.

கடிதம் தொடங்கியாயிற்று. வலது மூலையில் விலாசம்: நாலாம் நம்பர் லயம், மேல் டிவிசன், ஹாலிஎல.