அரசனின் காலில் வைத்த வேண்டுதல்

வெள்ளி இரவு, வளைகுடாவில் முவைலா.

ஐரோப்பாவின் இன்ஸ்புரூக் நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பி ஒரு வாரமாகியும் என் மகன் அந்த வீடியோவை விடவில்லை. இன்று தேவாலயப் பூசைக்குப் பின் வீட்டுக்கு வந்த நண்பர்களுக்குத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான்.

"பாருங்க மக்கா, அப்பா ராஜா கால முத்தி செய்யுறாங்க!"

அன்று அந்நகரின் தங்கக் கூரை மாடத்தையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு, பழைய பேரரசர் ஒருவரின் நினைவுக் கல்லறை உள்ள கோயிலுக்குள் சென்றோம். இருபுறமும் கரிய வெண்கல உருவங்கள் நின்றன. கோயிலுக்குள் நிற்பவர்கள் புனிதர்கள் என்றே எண்ணினேன். ஊரில் செய்வதுபோல் ஒருவரின் பாதத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து மன்றாடினேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பேரரசரின் முன்னோர்களாம். மகனுக்கு அது தெரியும். தடுக்காமல் படம் பிடித்திருக்கிறான்.

"ராஜாகிட்ட என்ன கேட்டீங்க அங்கிள்?" என்றான் ஒரு நண்பன்.

"வேற என்ன, லாட்டரிதான்!" என்றான் என் மகன்.

வேதாகமத்தில் பிள்ளையில்லாத ஒருத்தி ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது மன்றாடியபோது, குரு அவள் குடிவெறியில் இருப்பதாக எண்ணிக் கடிந்தார். உண்மை அறிந்ததும் அவரே ஆசி கூறினார். இவனுக்கு அறியும் விருப்பமே இல்லை.

எல்லோரும் போனபின் மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். "நெசமா என்ன கேட்டிய மாமா?"

மணமான நாள்முதல் மருத்துவமனைகளில் ஏறி இறங்குபவளிடம் என்ன சொல்வேன்? உடல் நலம் கேட்டதாகப் பொய் சொன்னேன். கேட்டது அவள் மடிக்கு ஒரு குழந்தை. தனக்கொரு பிள்ளை வேண்டி நான் வைத்த வேண்டுதலைத்தான் அந்த மூடன் ஊரைக் கூட்டிக் காட்டிச் சிரிக்கிறான்.

நாளை வீடியோவை அழிக்கச் சொல்வேன். ஏனென்று கேட்பான். அவள் டூட்டிக்குப் போனதும் சொல்வேன். அதன் பிறகும் சிரிக்கிறானா, பார்க்கிறேன்.