எஸ்தர் கட்டிய விளக்குகள்

25-10-77, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பெரியபாளையத்தில் பஸ் மாறுவதற்குள் முழங்கால் வரை சேறு. கும்மிடிப்பூண்டி போய்ச் சேர அரை மணி தாமதம்.

பெங்களூர் ஆர்டர். பயணிகள் விமானத்துக்கான கதவு விளக்குப் பெட்டிகள், முப்பது. விமானத்தில் கரண்ட் போனால் தானாக எரிய வேண்டும். பத்து நிமிஷம் அணையக் கூடாது. புகைக்கு நடுவிலும் வெளியேறும் கதவு தெரிய வேண்டும். இருட்டு அறையில் வைத்து மீட்டரில் வெளிச்சம் அளப்பது என் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பானேன்.

இன்று எட்டுப் பெட்டி. எட்டும் தேறவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொடவே மாட்டேன் என்கிறது. போன மாதம் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது?

வாங்க: அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், தபால் கார்டு நாலு. குடை ரிப்பேர்.

26, புதன்

மழை, விட்டு விட்டு. இன்று பதினொன்று. அத்தனையும் கழிவு.

மேனேஜர் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். பல்பு புதிது, பேட்டரி புதிது, மீட்டர் சரி என்றேன். மீட்டரை நான் பார்க்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது. அப்புறம் மிச்சம் இருப்பது உள்ளே ஒயர் பற்றவைப்பு. அதைச் செய்வது எஸ்தர்.

கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் ஊரார் நிலத்தில் கூலி வேலை. இவள் மூன்று வருஷமாக இங்கே. பற்றவைத்த இடம் முத்து மாதிரி இருக்கும், நானே சொல்லியிருக்கிறேன்.

“அந்தப் பொம்பளைக்கு வேலையில கவனம் இல்ல சாமி, வேற இன்னா?” என்றார் மேனேஜர்.

தலையாட்டினேன். இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்: தலையாட்டினேன்.

சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மேஜையைத் துடைத்தாள், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். போகும்போது என் பக்கம் பார்த்தாள். நான் ரிஜிஸ்டரில் ஏதோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

27, வியாழன்

புது ஆள் காலையில் பத்தொன்பதையும் பிரித்து மறுபடி பற்றவைத்தான். முதல் பெட்டியை வைத்தேன். பழைய கதைதான். முள் பார்க்க வைத்திருந்த டார்ச்சும் மங்கிப்போக, எரிச்சலில் கதவைத் திறந்து மீட்டரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

வெளிச்சம் வாங்கும் மீட்டர் கண்ணில் சந்தனம். பால் நிறக் கண்ணாடி மேல் வெளிறிக் காய்ந்துபோய் ஒரு பூச்சு. குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

வைத்தவன் நான். போன வாரம் ஆயுத பூஜை. கோயில் கைங்கரியக் குடும்பம் என்று வருஷா வருஷம் கம்பெனிப் பூஜை என் தலையில்தான். லேத்துக்கு, டிரில்லுக்கு, தராசுக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். மீட்டருக்கு நெற்றி எது என்று தேடி, கண்ணிலேயே அப்பியிருக்கிறேன். டிப்ளமா படித்த மேதாவி.

ஈரத்துணியால் துடைத்தேன். பத்தொன்பதையும் மறுபடி வைத்தேன். பத்தொன்பதும் தேறின. பத்து நிமிஷமும் ஜம்மென்று எரிந்தன.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “பாத்தீங்களா சாமி, கை மாறுனதும் வேலை சுத்தமாயிடுச்சு.”

ரிஜிஸ்டரை இழுத்துக்கொண்டேன். பத்தொன்பது கையெழுத்து.

28, வெள்ளி

வெயில். மீதிப் பெட்டிகளும் தேறின. எல்லாம் எஸ்தர் பற்றவைத்து வைத்துவிட்டுப் போனவை. புது ஆள் இவற்றைத் தொடக்கூட இல்லை. மத்தியானம் லாரி ஏறிவிட்டன.

சந்தனத்தை யாரிடமும் சொல்லாமல் இருக்க என் காரணங்கள்: மேனேஜர் சிரிப்பார். பெங்களூர்காரன் என் பழைய கையெழுத்தை எல்லாம் சந்தேகிப்பான். விஷயம் திருவள்ளூரில் வீடு வரை வந்தால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது. எழுதியபின் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் எஸ்தர் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

29, சனி

ஒன்றுமில்லை. தைலம் வாங்க மறந்தேன். அம்மா திட்டினாள். அந்தத் திட்டு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

30, ஞாயிறு

கவரைப்பேட்டை போனேன். ஒரு கல்யாணம் விசாரிக்க என்று வீட்டில் பொய்.

எஸ்தர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். வாசலில் நாற்காலி போட்டாள். உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். சந்தனம், மீட்டர், தலையாட்டல், அதற்கப்புறம் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. அழுவாள், கத்துவாள் என்று தயாராகப் போயிருந்தேன்.

“தெரியும் சாமி. பூசைக்கு மறுநாளே பாத்தேன்.”

பின்னே ஏன் துடைக்கவில்லை என்று கேட்டேன். நான் கேட்டேன், அவளை.

“நான் தொடச்சிருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க? வேதக்காரி சாமி பொட்டை அழிச்சிட்டான்னு பேசிக்கினு இருப்பாங்க. அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இப்ப ஒரு வாரமாச்சும் கூலி கெடச்சுது.”

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் தன் பிள்ளையைக் கூப்பிட்டுத் தலை வார ஆரம்பித்துவிட்டாள்.



31, திங்கள்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். விளக்கு தேறாததற்குத் தொழிலாளியின் தவறு என்று பெங்களூருக்குக் கடிதம் போய்விட்டதாம். இப்போது மீட்டர் என்றால், இதுவரை போன பெட்டி அத்தனையும் திரும்பி வரும். கம்பெனி எழுந்திருக்காது.

அவளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஃபைலில் ஒரு மன்னிப்புக் கடிதம் இருக்க வேண்டும், அவள் பெயரில். இதுதான் அவர் சொன்ன வழி.

நியாயமில்லை என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். வேலை வேண்டுமா வேண்டாமா என்று அவளையே கேளுங்கள் என்றார். வாட்ச்மேன் மூலம் கேட்டனுப்பினோம். வேண்டும் என்று பதில்.

1-11-77, செவ்வாய்

தூறல். எஸ்தர் எட்டு மணிக்கே வந்துவிட்டாள். என் கையெழுத்து அழகு என்று மேனேஜர் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். ‘என் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன். இனி ஒழுங்காக வேலை செய்வேன்.’ கோணாமல் இரண்டு வரி.

எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். கீழே தன் பெயரைப் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

“எழுத்து நல்லா கீது சாமி.”