ஏழாம் நம்பர் படம்

அன்பு இருளப்பா,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மூன்று வருஷம் ஆகிறது. அதில் இரண்டு வருஷத்துக்கு மேல் நீ உயிரோடு இருந்தாய். காரியாபட்டி பஸ்ஸுக்குத் தினமும் உன் போட்டோ, பிளக்ஸ் கடைத் தெரு வழியாகத்தான் போனேன். நீ உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருப்பாய். நான் எதிர்ச் சாரியில் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். நீ நிமிர்ந்து பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

நீ போய் ஏழு மாதம். முதலில் இங்குள்ள சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பரளச்சிப் பக்கம் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தத் தடவையும் என்னைத் தலைமையாசிரியர் ஆக்கவில்லை. என்னிடம் படித்த ஒருவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையில் அவனுக்கு வணக்கம் சொல்கிறேன். அதையும் மறக்கப்போவதில்லை. எனக்கு எதுதான் மறந்திருக்கிறது? உனக்கே தெரியுமே.

கடையை உன் மகள் மாரிதான் நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள். உன் போனில் இருந்த ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பேர் அடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கேதான் வந்தது வினை.

போனில் படத்துக்குப் பேர் வைக்க நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைப் படம் எடுத்து வருவாய். அட்டைக்கு, மனுவுக்கு, கல்யாணப் பொன்விழாவுக்கு. போன் அத்தனை பேருக்கும் தேதியையும் நம்பரையும் போட்டு வைத்துவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பேர் மாற்றினாய். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைத் தெருவிலேயே மறித்தாய்.

“ஏலே மாப்ள, நீதான எம்ஏ படிச்சவன். இங்க வா. இந்தப் போனு அப்பன் பேரு போட விடமாட்டேங்குது.”

பார்த்தேன். ‘ராமசாமி த/பெ வேலு’ என்று அடித்து வைத்திருந்தாய். நடுவில் இருந்த சாய்கோட்டைப் போன் ஏற்கவில்லை.

“சாய்கோடு போட்டா எடுக்காதுடா. அத வேற வேலைக்கு வச்சிருக்கான்.”

“என்ன வேலைக்கு வேணாலும் வச்சிக்கிறட்டும். பாலவனத்தத்துல மட்டும் எனக்கு நாலு ராமசாமி இருக்காக. அப்பன் பேரு இல்லாம எந்த ராமசாமின்னு நான் எங்கிட்டுப் போய்க் கேக்க?”

சிரித்தேன். கோட்டை எடுத்துவிட்டுப் பேரை வைத்துக் கொடுத்தேன். நீ அந்தப் படத்தை எனக்கே அனுப்பிப் பார்த்தாய். என் போனில் வந்து விழுந்தபோது பேரும் இல்லை, அப்பனும் இல்லை. புதுத் தேதி, புது நம்பர். அன்றைக்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“பாத்தியா மாப்ள? இது ஒவ்வொரு போனுலயும் அதுக்குத் தோணுன நம்பரப் போடும். எவனாச்சும் நம்பரச் சொல்லிப் படம் கேட்டா குடுத்துறாத. நம்பர நம்புனா நாசமாப் போவோம்.”

எட்டாம் வகுப்போடு நின்றவன் எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் முதியோர் அட்டைக்கு முகாம் போட்டார்கள். நீ படம் எடுத்தாய், நான் மனு எழுதிக் கொடுத்தேன். மனுவில் ஒட்ட எல்லாப் படத்தையும் என் போனுக்கு அனுப்பினாய். என் அப்பாவும் வந்து அதே நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தார். எல்லாரும் வெள்ளைச் சட்டை, எல்லாருக்கும் ஒட்டிய கன்னம், அன்று காலைதான் மழித்த முகம். தள்ளி நின்று பார்த்தால் எல்லாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

நாலு மாதத்தில் அப்பா போய்விட்டார். தகவல் சொன்ன அரை மணி நேரத்தில் நீ ஊருக்கு வந்துவிட்டாய். பாடைக்கு மூங்கில் வெட்டியது நீதான். கடையில் மாரி மட்டும் இருந்தாள். படிப்பு முடித்து வந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க நான் கடைப் போனுக்குப் படம் அனுப்பினேன். அவசரத்தில் முகாம் படங்களை மொத்தமாக அழுத்தி அனுப்பிவிட்டேன். எட்டுப் படம். தாத்தாவைச் சின்ன வயதில் பார்த்தது மாமா, எது என்று தெரியவில்லை என்று அவள் எழுதிக் கேட்டாள். என் போனில் பார்த்தேன். அப்பா ஏழாம் நம்பர்.

‘0007 போடு. சீக்கிரம்.’

அவ்வளவுதான் எழுதினேன்.

மாரி ஏழைப் போட்டாள். அவள் கையிலிருந்த கடைப் போனில் ஏழு என்பது பாலவனத்தம் ராமசாமி. அப்பா அங்கே ஒன்றாம் நம்பராக விழுந்திருந்தார்.

அவளே பிளக்ஸை ஆட்டோவில் கொண்டுவந்து, நம் ஊருக்குப் பிரிகிற மெயின் ரோட்டு முக்கில் ஆள் வைத்துக் கட்டினாள். அப்பா பேர், ஊர், பாடை எடுக்கிற நேரம் எல்லாம் சரி. முகம் மட்டும் வேறு. கட்டியவர்கள் மெயின் ரோட்டில் கிடைத்த ஆட்கள், அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது. திருச்சுழிக்குப் போன பஸ்ஸில் இருந்த பாலவனத்தத்துக்காரர் ஒருவருக்கு ராமசாமியைத் தெரிந்தது. போன் போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் ராமசாமியின் மகள் லோடு ஆட்டோ பிடித்து மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னாலேயே மகன் வண்டியில் ராமசாமியும் வந்து இறங்கினார்.

“ஐயா! இருக்கியாய்யா?”

“இருக்கேன் தாயி. இட்லி தின்னுக்கிட்டு இருந்தவன எந்திரிச்சு வான்னு கூட்டியாந்துட்டாக. யாருப்பா என்னய இங்கன கட்டித் தொங்க விட்டது?”

அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. எறக்குனா எங்கிட்டக் குடுத்துருங்க. ஆட்டுக் கொட்டாய்க்கு ஆகும்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் அப்பா வீட்டில் நடுக்கூடத்தில் கிடக்கிறார், ஊர் முக்கில் சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ ஓடி வந்தாய். அத்தனை பேர் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

“எட்டாப்புப் படிச்சவன்ட்டயும் அவன் மகட்டயும் வேலையக் குடுத்தேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும்!”

மாரி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் சரியாத்தான்ப்பா பாத்தேன்” என்று உன்னிடம் சொன்னாள். நீ என்னிடம் ஒரே வார்த்தைதான் பேசினாய். “மொதல்ல எறக்கிருவோம் மாப்ள.” அவளை வீட்டில் இறக்கிவிட்டு நீ மட்டும் கடைக்குப் போனாய். சரியான படத்தோடு திரும்பி வந்து நீயே ஏறிக் கட்டினாய். பிறகு பாடைக்குத் தோள் கொடுத்தாய்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, மதியம் சாமியானாவின் கீழ் உட்கார்ந்து போனைத் திறந்தேன். உன் கடைப் போனில் என்ன நம்பர் விழுந்திருக்கும் என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. நீ சொன்னதுதான் நடந்திருந்தது. அந்த வரியைத் தொட்டு, எல்லாருக்கும் அழித்துவிடு என்று அழுத்தினேன். உன் கடைப் போனிலும் போயிற்று.

அது அழிந்ததும் மாரிக்குப் பிடிமானம் போய்விட்டது. நான் ஒன்று என்று எழுதியதைத் தான் ஏழு என்று படித்துவிட்டதாக அவளே முடிவு செய்துகொண்டாள். இன்றுவரை கடைக்கு யார் வந்து நம்பர் சொன்னாலும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறாள். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ‘ஆள மாத்துன கடை’ என்று இன்னும் இந்தப் பக்கத்து ஊர்களில் பேச்சு இருக்கிறது. ஒரு சாவென்றால் விருதுநகருக்குப் போய் அடித்துக்கொண்டு வருகிறார்கள்.

நீ அதற்குப் பிறகு போன் பேரையே நம்பவில்லை. ஒரு சிலேட்டு வாங்கினாய். பேர், அப்பன் பேர், ஊர் மூன்றையும் சாக்பீஸால் எழுதி, படம் எடுக்கும் ஆளின் நெஞ்சுக்குக் கீழே பிடிக்கச் சொன்னாய். பிளக்ஸுக்குப் போகும்போது சிலேட்டை வெட்டிவிடுவாய். போன் என்ன நம்பரைப் போட்டாலும், யாருக்கு அனுப்பினாலும், பேர் படத்துக்கு உள்ளேயே கிடக்கும். ‘த/பெ’ கூடப் போட்டுக்கொள்ளலாம். சிலேட்டோடு ஆட்களை நிறுத்துகிறான், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று கேலி பேசினார்கள். நானும் பேசினேன். என் பங்குக்கு அதையும் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாரி உன் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூன்று வருஷம் கழித்து இந்த வாசலை மிதிக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மாமா, அப்பா சிலேட்டு வச்சு எடுத்த படத்துக்கெல்லாம் வரிசையாப் பேரு அடிச்சுட்டேன். மொதப் படத்துக்கு மட்டும் என்ன அடிக்கன்னு தெரியல. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். நீ சிலேட்டு வைத்து எடுத்த முதல் படத்தில் ஆளே இல்லை. கடைப் போனுக்கு வந்ததைத் திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டர் திரை. அதில் என் பேர், எட்டுப் படம், கீழே ‘0007 போடு. சீக்கிரம்.’ திரையில் சாய்த்து வைத்த புது சிலேட்டில் உன் கோணல் எழுத்து: ‘மாப்ள அனுப்புனது. அவனா வந்து சொல்லட்டும்.’

தேதி, அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்த தேதி. நேரம், நீ இரண்டாவது பிளக்ஸ் அடிக்கக் கடைக்குப் போயிருந்த நேரம்.

அப்படியென்றால் அதைப் பையில் வைத்துக்கொண்டா என் அப்பாவுக்குத் தோள் கொடுத்தாய்?

மாரி கேட்டாள்: “மாமா, அப்ப நான் சரியாத்தான் போட்டேனா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கண்ணாடி இல்லம்மா, எழுத்துத் தெரியல. பெறகு பாக்குறேன்” என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவளும் பார்த்தாள். “சரி மாமா. அது பேரு வைக்காமலே கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் மேல் கோபம் வருகிறது, வராமல் இல்லை. ஊர் முக்கில் வைத்து என் மூஞ்சிக்கு நேரே அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாமே. நாலு அறை விட்டிருக்கலாமே. பெற்ற பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். “போனு பண்ணுன தப்பும்மா” என்று மட்டும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாயாம். அவள் நம்பவில்லை. நான் வருவேன் என்று எந்தத் தைரியத்தில் இருந்தாய்? என்னை அவ்வளவு தெரிந்தும்? படுக்கையில் கிடந்த கடைசி மாதம்கூட எதிர்பார்த்தாயா? ஒரு நாள் உன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தேன். உன் வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை என்பதை ஒரு குறையாக வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அலுத்துவிட்டது இருளப்பா. யார் மேலெல்லாம் எனக்கு வருத்தம் என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில், என் மேல் யாருக்கு வருத்தம் இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

மாரி, தபாலைப் பிரிப்பது நீதானே. அதனால் உனக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் ஏழு என்றுதான் எழுதினேன். நீ ஏழைத்தான் போட்டாய். உன் கண்ணில் கோளாறு இல்லை, கையிலும் இல்லை. தப்பு என்னுடையது, அழித்தது அதைவிடப் பெரிய தப்பு. இந்தத் தாளைக் கடை வாசல் கண்ணாடியில், உள்ளே வருகிறவர்கள் படிக்கிற மாதிரி ஒட்டு. அந்த முதல் படத்துக்கு ‘மாமா செய்த தப்பு’ என்று பேர் அடி. சாய்கோடு எதுவும் வேண்டியதில்லை, போன் ஏற்றுக்கொள்ளும்.

இருளப்பா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தபால் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் எதிர்ச் சாரியில் நடக்காமல் கடைக்குள் வருவேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருவேன். அந்தப் படத்தை மாரி முன்னால் வாய்விட்டுப் படிப்பேன். இரண்டு தடவை.

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். எம்ஏ, பிஎட் என்று சேர்த்துப் போட்டே பழகிய கை. அந்த முக்கில் அன்று நின்ற யார் படித்தாலும் எழுதியது யார் என்று தெரிந்துவிடும். நீ சிலேட்டு வைத்துச் செய்த மாதிரி என் பேர் உள்ளேயே கிடக்கிறது, கீழே தனியாக வேண்டாம். அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிடுவேன்.

வந்து சொல்வான் என்று நீ காத்திருந்த
உன் மாப்ள