கறுப்பு உறைக்குள் ஒரு சிவப்பு

குடைப் படம் போட்ட தீப்பெட்டி லேபிளுக்குப் புது மிஷினில் மாதிரி அடித்தாயிற்று என்று அச்சகத்து மிஷின்மேன் இன்று காலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். மதியம் ஒரு தாள் என் மேசைக்கும் வந்தது. மை வாடை இன்னும் போகவில்லை. அந்த வாடைதான், அக்கா, இதை உங்களுக்கு எழுத வைக்கிறது.

கோவில்பட்டியில் நீங்கள் கம்ப்யூட்டர் வைத்து லேபிள் வடிவமைக்கத் தொடங்கிய புதிது. பத்திரிகைக்கு அனுப்பும் செய்தியைத் தட்டச்சு செய்ய நான் உங்கள் கடைக்கு வருவேன். தீப்பெட்டி ஆலை அண்ணாச்சி தன் குடை லேபிளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கொடுத்தார். உங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை. மாதிரிக்கு அவர் எடுத்து வந்தது, பூஜையறையில் சாமி படங்களுக்கு நடுவே பலகையில் ஒட்டியிருந்த லேபிள். அவருடைய அப்பா முதன்முதலில் அடித்தது.

"இதுதாம்மா அசல். இம்மி பிசகக் கூடாது."

நீங்கள் பிசகவில்லை. திரையில் தெரிகிற சிவப்பு மையில் அப்படியே வராது என்று சொல்லிவிட்டு, அச்சகத்துக்கே போய் நின்றீர்கள். மெஜந்தாவையும் மஞ்சளையும் கூட்டிக் குறைத்து, பலகைக்கும் தாளுக்கும் வேறுபாடு தெரியாத வரை விடவில்லை. சரக்கு வடக்கே போனது. எழுத்தைப் படிக்காமல் குடையின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அங்கே அதிகம். போலி என்று கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி உங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார். "எங்க சரக்கையே டூப்ளிகேட் ஆக்கிட்டியேம்மா! இன்னொரு தடவ தப்பாச்சுன்னா வேலை பூரா சிவகாசிக்குத்தான். மத்தவியளும் உங்கிட்ட வரமாட்டாவ, பாத்துக்க."

அவர் சொன்னால் மற்ற ஆலைக்காரர்கள் கேட்பார்கள். கடையை மூட வேண்டியதுதான். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"பூஜையில தினம் வெளக்கு ஏத்துதீயளா அண்ணாச்சி?"

"ஏத்தாம? எங்கப்பா காலத்துலருந்து ஏத்துதோம்."

"அப்ப அந்தப் பொகையையும் சேத்துல்லா அடிச்சிருக்கேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சாமிகிட்ட இருந்ததக் குத்தம் சொல்லுதியா?" என்றார் அண்ணாச்சி.

பலகையோடு அவருடைய சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் போனோம். பிரிக்காத பழைய லேபிள் கட்டு ஒன்றை அவிழ்த்து, நடுவிலிருந்து ஒரு தாளை உருவினீர்கள். வெளிச்சம் படாத சிவப்பு. அதன் பக்கத்தில் பலகையிலிருந்த குடை செங்கல் நிறமாய்த் தெரிந்தது.

அண்ணாச்சி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "எங்கப்பா இந்தச் செவப்பையா அடிச்சாவ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தாளை வைத்து மறுபடி அடித்தார்கள். சரக்கு திரும்பி வரவில்லை. உங்கள் கடையும் மூடவில்லை. தாளைக் கறுப்பு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தீர்கள்.

"நாளைக்கு ஆலைக்கும் அச்சகத்துக்கும் சண்டைன்னா பொதுவா ஒரு ஆளு வேணும்லா தம்பி. சும்மா சும்மா தொறக்காதீங்க. தொறக்குத ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுக்கும்."

நீங்கள் மறைந்த பிறகு அதை நான் திறக்கவில்லை. இப்போது ஆலையை நடத்தும் அண்ணாச்சியின் மகன், திரையில் பார்த்ததைவிட மாதிரி மங்கல் என்கிறார். சரியாகத்தான் இருக்கிறது என்கிறது அச்சகம். நாளை காலை பத்து மணிக்கு, அச்சக வாசல் வெளிச்சத்தில், இருவர் முன்னிலையிலும் உறையைத் திறக்கிறோம். யார் சொல்வது சரி என்று அப்போது தெரியும். தெரிந்ததும் மூடிவிடுவேன்.