ஷவர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்

காக்ஸ் டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை காலை

அன்புள்ள பார்கவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், இந்த நிமிஷம் வரைக்கும் அதில் பொய்யில்லை. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ரித்விக்கும் சுகமாக இருக்க வேண்டும், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் மெயிலில் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போன் என்றால் உன் அம்மா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. அவள் ஹாலில் உட்கார்ந்து குழம்புக்கு அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை விரலால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பாத்ரூமை இடித்துக் கட்டப் போவதாகவும், எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி டிஜிட்டல் ஷவர் வாங்கலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்றும் கேட்டிருந்தாய். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீசர் தண்ணீரில் அம்மாவின் கை பொத்துப்போய், சர்க்கரையால் உள்ளங்கையில் சூடே தெரியவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இதை வாங்கினோம், அதன்பின் ஒரு நாளும் அவள் கை சுட்டதில்லை. டேங்கர் தண்ணீர் ஊற்றுகிற நாளிலும் மக்கர் பண்ணுவதில்லை. அப்பா, அம்மா என்று ரெண்டு பெயரைப் பதிந்து வைத்திருக்கிறோம். பெயரை அமுக்கினால் அவரவர் சூட்டுக்குத் தண்ணீர் ஓடி, பதம் வந்ததும் தானாக நின்று, பெயரைக் காட்டிக் கீ கீ என்று கூப்பிடும், போய்த் தொட்டால் கொட்டும். நீங்ககூட என்னை இவ்வளவு மரியாதையாக் குளிக்கக் கூப்பிட்டதில்லை என்று உன் அம்மா என்னைக் குத்திக்காட்டுவாள்.

இனி மற்றதைச் சொல்கிறேன். போன ஆவணியில் ஒரு நாள் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும்போது பாத்ரூமில் தண்ணீர் ஓடி நின்று, கீ கீ என்றது. போய்ப் பார்த்தால் ‘அம்மா’ என்று இருந்தது. நீ அமுக்கிவிட்டு மறந்திருப்பாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், இந்த நேரத்தில் எவ குளிப்பா என்று அவள் சண்டைக்கு வந்தாள். கை கழுவுவதற்குள் கே.ஜி.எஃப்பிலிருந்து போன், உன் ராஜேந்திரன் மாமா போய்விட்டார் என்று. எனக்கு முட்டி வீங்கிக் கிடந்ததால் அவள் மட்டும் ரயிலேறிப் போனாள், எடுத்த பிறகு திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அப்போது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் அதே மாதிரி ‘அப்பா’ என்று கூப்பிட்டது, சற்று நேரத்தில் பால்ராஜ் இறந்த செய்தி வந்தது, என்னோடு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தானே அவன்தான். அம்மாவுக்குக் காய்ச்சல், நான் மட்டும் கல்லறைக்குப் போய் மண் போட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தேன், படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். இனிமே எந்தச் சாவுக்கும் உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன், என் காலு உடைஞ்சு கெடந்தாலும் கூட வருவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா.

கார்த்திகையில் கீழ்வீட்டு ஆஞ்சலா டீச்சர். நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம், முதலில் ‘அம்மா’ என்று கூப்பிட்டது, அது அடங்கியதும் ‘அப்பா’. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கீழ்வீட்டில் அழுகைச் சத்தம். இருவரும் போனோம், இருவரும் வந்து குளித்தோம். அன்றைக்கு அதைப் புரிந்துகொண்டவள் உன் அம்மாதான். சாவு வீட்டுக்குப் போய் வந்து யார் குளிக்கணுமோ அவங்க பேருக்குத்தான் தண்ணி காயுது, அதுக்குத் தெரிஞ்ச மரியாதை அது என்றாள். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே ரிப்பேருக்கும் போன் போட்டேன். ஷ்ரேயாஸ் என்று ஒருவர் வந்து உள்ளே போர்டையே மாற்றிவிட்டு, ஏனூ இல்ல சார், வோல்டேஜ் என்றார், ஒன்றுமில்லையாம். நானும் வோல்டேஜ் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். கழற்றிவிடலாம் என்றால், மறுபடி கை சுட்டுக்கொள்வாளே என்று எனக்குப் பயம், கழட்டிட்டா மட்டும் போன் வராம இருக்கப் போகுதா என்று அவளும் கேட்டாள்.

இன்று காலை நாங்கள் இருவரும் குளித்து, டிபனும் ஆகிவிட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. போனேன். ‘அப்பா’ என்று இருந்தது. அடுத்த பெயர் வரும் வரும் என்று ஈரத் தரையில் நின்றுகொண்டே இருந்தேன், வரவில்லை. நீ பயப்படாதே, உனக்கு ஏதாவது என்றால் ரெண்டு பெயரும் வந்திருக்கும். இதை எழுதவே விரல் கூசுகிறது, ஆனால் அங்கே நின்றபோது எனக்கு முதலில் வந்த நிம்மதி அதுதான், அதற்கப்புறம்தான் மற்றது உறைத்தது. உன் அம்மா என்னோடு வர முடியாத சாவு எது என்று யோசித்துப் பார்த்தேன். அது வேறு யாருடையதாவது இருக்கட்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். மல்லேஸ்வரத்து மதியழகன், காலங்காத்தால எதுக்குடா உயிரை வாங்கறே என்று திட்டினான், அவன் குரலைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை பார்கவி, சீ என்று ஆகிவிட்டது. உன் அம்மாவுக்கோ ஒரு குறையும் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, முகம் தெளிவாக இருக்கிறது, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கொட்டை பிதுக்குகிறாள். ஒரு செக்கப்புக்குப் போய் வரலாமா என்றேன், குழம்பு கொதிக்கட்டும் என்கிறாள். இன்றைக்கே எப்படியும் கூட்டிப் போய்விடுவேன்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், சாமான் நல்ல சாமான், ஆனால் வாங்காதே. அந்தக் காசுக்கு டிக்கெட் போடு. கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறி வா, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. எல்லாம் வெறும் வோல்டேஜ்தான் என்று ஆனால் என் முகத்துக்கு நேரே சிரி, ஆயுசுக்கும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வந்து அவள் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சிரி.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். அம்மாவுக்குப் போன் பண்ணும்போது இதில் ஒரு வார்த்தையும் சொல்லாதே. திடீரென்று லீவு கிடைத்தது, குழம்பு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆதிகேசவன்

பி.கு.: அனுப்பப் போகும்போது உன் அம்மா கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அடுப்பங்கரைப் பக்கம் விடாதவள், இன்று பக்கத்தில் நிறுத்தி, ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், குழம்புப் பொடி எந்த டப்பாவில், கேஸ் தீர்ந்தால் எந்த நம்பருக்குச் சொல்வது என்று காட்டினாள். அவள் புடவைக் கரை நனைந்திருந்தது, பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அங்கே இன்னும் கீ கீ என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நான் குளிக்கப் போகவில்லை. சீக்கிரம் வா.